நிமோனியாவுக்குப் பிறகு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்கு வந்தவர்களுக்கும், ஓ.பி.டி.யில் மருந்து வாங்கி வீட்டிலேயே தேறிவருகிறவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தாருக்கும் எழுதியது. இப்போதே மூச்சுக்குச் சிரமமாக இருக்கிறது என்றால் நேராக மூன்றாவது கேள்விக்குப் போங்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது. இனிச் சுகம்தானே?

இல்லை. நிமோனியாவில் நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று நிற்க வேண்டிய நுண்ணறைகளில் சீழும் நீரும் நிரம்பிவிடுகின்றன. பக்டீரியாவால் வந்த நோய் என்றால் மருந்து கிருமியை இரண்டு மூன்று நாளில் அடக்கிவிடும், காய்ச்சலும் இறங்கும். ஆனால் அறைகளில் தேங்கிய கழிவை உடம்பு தானே கரைத்தும், சளியாக வெளியேற்றியும் சுத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள், கூடையைத் தூக்குகிறார்கள், கிளினிக் தேதியை விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

எத்தனை நாளில் என்ன மாற வேண்டும்?

மருந்து தொடங்கி இரண்டு, மூன்று நாளில் காய்ச்சல் குறையத் தொடங்க வேண்டும். ஒரு வாரத்தில் அது முழுவதுமாகப் போயிருக்க வேண்டும். நாலு வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் நன்றாகக் குறைந்திருக்கும். ஆறு வாரத்தில் இருமலும் மூச்சு வாங்குவதும் பெருமளவு அடங்கியிருக்கும். மூன்று மாதத்தில் பெரும்பாலும் எல்லாம் சரியாகி, களைப்பு மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். முழுப் பலம் திரும்ப ஆறு மாதம் வரை எடுப்பவர்களும் உண்டு.

இது பொதுவான கணக்கு. 65 வயதைத் தாண்டியவர்கள், சீனி வியாதி, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், பீடி சிகரெட் குடிப்பவர்கள், ஐ.சி.யு.வில் இருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் இதைவிட அதிக காலம் தேவைப்படும். வாரங்களின் எண்ணிக்கையை விடப் போகும் திசையைப் பாருங்கள். போன ஞாயிற்றுக்கிழமையை விட இந்த ஞாயிறு கொஞ்சமாவது மேலாக இருக்க வேண்டும். ஒரு நாள் களைப்பு கூடுவது சாதாரணம். இரண்டு நாள் தொடர்ந்து கீழே போனால் அது சாதாரணம் இல்லை.

எந்த அறிகுறி வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு (இலவச அம்புலன்ஸ்) அழையுங்கள், அல்லது கிடைக்கிற வாகனத்தில் புறப்படுங்கள்:

- சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது. ஒரு முழு வசனத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியாமல் இருப்பது
- நிமிடத்துக்கு 30 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விடுவது (பெரியவர்களுக்கு)
- உதடு, நாக்கு நீலம் பாய்வது
- ஆள் குழம்பிப் பேசுவது, எழுப்பினால் எழும்பாமல் தூங்கிக்கொண்டே இருப்பது
- இருமும்போது இரத்தம் வருவது (சளியில் ஒரு கோடு மட்டும் என்றால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள், கரண்டி அளவு என்றால் உடனே)
- நெஞ்சின் நடுவில் அழுத்துகிற வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது
- பிரஷரின் மேல் எண் 90க்குக் கீழே இறங்குவது, தலை சுற்றி விழுவது, கை கால் சில்லிட்டு வியர்ப்பது

நெஞ்சின் நடுவலியை "சளி கட்டியிருக்கு" என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது. நிமோனியா வந்து முதல் மாதத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தை விட அதிகம். வயதானவர்களுக்கும் ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம்.

அவசரம் இல்லை, ஆனால் அன்றைக்கே காட்ட வேண்டும் என்றால் எவை?

போன காய்ச்சல் திரும்பி வருவது முக்கியமானது. ஓரிரு நாள் நன்றாக இருந்துவிட்டுக் குளிருடன் காய்ச்சல் வந்து, மூச்சை இழுக்கும்போது ஒரு பக்கம் குத்தினால், நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ சேர்ந்திருக்கலாம். அதை ஊசி வைத்து எடுக்க வேண்டிவரும், வீட்டில் குளிசையால் போகாது. சளி நாற்றமடித்தால் நுரையீரலுக்குள்ளேயே சீழ்க்கட்டி உண்டாகியிருக்கக்கூடும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் தொட்டால் வலிப்பதும் இந்த வகைதான். பல நாள் படுக்கையில் இருந்தவர்களுக்கு அங்கே இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். காலோடு சேர்ந்து மூச்சும் திடீரென முட்டினால் அது மூன்றாவது கேள்விக்குரிய அவசரம்.

இவை தவிர: மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காமை, மருந்து வயிற்றில் தங்காமல் வாந்தி எடுப்பது, உடம்பெல்லாம் தடிப்பு, நாளுக்கு இரண்டு மூன்று தடவைக்கும் குறைவாக மஞ்சளாகச் சிறுநீர் போவது, சீனி அளவு திடீரென ஏறுவது.

திரும்பி வருகிற காய்ச்சல் எல்லாமே பழைய நிமோனியா என்று நினைக்கவும் வேண்டாம். கண்டி, நாவலப்பிட்டி, பதுளைப் பக்கம் டெங்குவும் உண்டு, எலிக்காய்ச்சலும் உண்டு. புதிதாக வந்த காய்ச்சல் மூன்றாம் நாளும் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஒரு நடைமுறை யோசனை: இந்தப் பட்டியலில் உள்ள ஒன்று மதியம் தென்பட்டால், "ராத்திரிக்குப் பார்ப்போம்" என்று தள்ளாமல் நாலு மணிக்கு முன் புறப்பட்டுவிடுங்கள். மூடுபனி இறங்கிய பிறகு தோட்டப் பாதையில் முச்சக்கரவண்டி பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை.

மூச்சை எப்படி எண்ணுவது?

ஆளை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வையுங்கள். எண்ணப் போகிறோம் என்று சொல்ல வேண்டாம். சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். நெஞ்சு அல்லது வயிறு ஒரு தடவை ஏறி இறங்குவது ஒன்று. போனில் நேரம் வைத்து முழுதாக 60 செக்கன் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குவதில் பிழை அதிகம், குழந்தைகளிடம் அது உதவவே உதவாது.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 21 முதல் 24 வரை என்றால் அரை மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 25ஐத் தொட்டால் அன்றைக்கே டொக்டர். 30 என்றால் 1990.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஒக்சிஜன் அளவைப் பார்க்கும் ஒக்சிமீற்றர் நுவரெலியாவில் 94 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் கவனமாக இருங்கள். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், அதனால் நலமாக உள்ளவருக்கே கொழும்பை விட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். அங்கே இந்தச் சாக்குச் சொல்ல முடியாது. நல்ல வழி, அதே வீட்டில் உள்ள சுகமான ஒருவரின் விரலிலும் மாட்டிப் பார்ப்பது. அவருக்கு 96, நோயாளிக்கு 94 என்றால் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்கு 97, நோயாளிக்கு 92 என்றால் இருக்கிறது.

பொதுவாக 95ம் அதற்கு மேலும் நல்லது. 92 முதல் 94 வரை நின்று, வேறு அறிகுறியும் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். 92க்குக் கீழே தொடர்ந்து நின்றால் ஆஸ்பத்திரி. நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு டொக்டர் வேறு எல்லை குறித்துக் கொடுத்திருப்பார். அவர்களுக்கு அதுதான் கணக்கு.

பிழையான எண் வருவதற்கு இங்கே முதல் காரணம் குளிர்ந்த விரல். கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பூச்சு இருந்தால் அழியுங்கள், உட்கார்ந்து ஐந்து நிமிடம் பொறுங்கள், கையை அசைக்காமல் ஒரு நிமிடம் எண் நிலைக்கும் வரை பாருங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே எண் நன்றாக இருந்து ஆள் மோசமாகத் தெரிந்தால் ஆளை நம்புங்கள், கருவியை அல்ல.

அன்டிபயோட்டிக் ஐந்து நாளுக்குத்தான் தந்தார்கள். போதுமா? மிச்சம் வைக்கலாமா?

சிக்கலில்லாத நிமோனியாவுக்கு, மூன்று நாளில் ஆள் தெளிந்துவிட்டால், ஐந்து நாள் போதும். கடுமையாக வந்தவர்களுக்கு அதற்கு மேலும் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்த நாள் வரை முடியுங்கள். மிச்சம் வைத்து அடுத்த தடவை தடிமலுக்குப் போடுவதும், பக்கத்து லயக் காம்பராவில் (அறையில்) இருமுகிறவருக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் காலை 6, பகல் 2, இரவு 10 என்று வையுங்கள். "மூன்று வேளை" என்று சாப்பாட்டோடு சேர்த்தால் இரவில் நீண்ட இடைவெளி விழும். டொக்சிசைக்ளின், லெவோஃப்ளொக்சசின் போன்றவற்றை இரும்புச்சத்துக் குளிசையோடும் கல்சியத்தோடும் பாலோடும் சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இரும்புக் குளிசை போடும் பெண்கள் தோட்டங்களில் நிறையப் பேர் என்பதால் இதை டொக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

லெவோஃப்ளொக்சசின், சிப்ரோஃப்ளொக்சசின் இரண்டையும் பார்மசியில் கேட்டு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காசநோய் இருந்தால் இவை அதைப் பாதி அமுக்கி மறைத்துவிடும். ஆள் ஓரளவு தேறின மாதிரி இருப்பார், கண்டுபிடிக்க மாதக்கணக்கில் பிந்தும்.

பெனடோல் (பரசிட்டமோல்) எவ்வளவு போடலாம்?

500 மில்லிகிராம் குளிசை; 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளுக்கு 8க்கு மேல் கூடாது. ஆனால் கொழுந்தெடுக்கும் பெண்களில் 40 கிலோ எடையுள்ளவர்கள் ஏராளம். அந்த எடைக்குத் தடவைக்கு ஒன்று, நாளுக்கு நாலு போதும். தினமும் குடிப்பவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டே போட வேண்டும். தடிமலுக்கு விற்கும் பல கலவை மாத்திரைகளிலும் இதே மருந்து இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். புதிதாகக் காய்ச்சல் வந்திருந்தால், டெங்கு இல்லையென்று தெரியும் வரை டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபன் வேண்டாம்.

சளி உள்ளேயே கட்டி நிற்கிறது. எப்படி வெளியே எடுப்பது?

இருமலை நிறுத்தும் பாணி மருந்தைத் தேடாதீர்கள். இப்போது இருமல்தான் துப்புரவு வேலை செய்கிறது. இப்படிச் செய்யுங்கள்: நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். மூக்கால் மெதுவாக ஆழமாக இழுத்து, மூன்று எண்ணும் வரை அடக்கி, வாயால் விடுங்கள். இதை நாலு தடவை செய்துவிட்டு ஒரு நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள். அதன்பின் வாயைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஆவி படியச் செய்கிறாற்போல "ஹா" என்று இரண்டு தடவை பலமாக ஊதுங்கள். சளி தொண்டைக்கு ஏறினதும் ஒரு இருமலில் துப்பிவிடலாம். பத்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. காலையில் எழுந்ததும் செய்வதுதான் அதிகம் பலன் தரும். இருமும்போது விலா வலித்தால் தலையணையை அந்த இடத்தில் இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவர்களுக்குத்தான் சளி இன்னும் தேங்குகிறது.

தண்ணீர் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர். இதயம், சிறுநீரக நோய்க்குத் தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அந்த அளவு மட்டும். கொத்தமல்லி அவித்த தண்ணியும் இஞ்சியும் தொண்டைக்கு இதம், குடிக்கலாம், ஆனால் மருந்துக்குப் பதிலாக இல்லை. தேன் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஆவி பிடிப்பதில் கொதிநீர் கவிழ்ந்து வெந்து போவது அடிக்கடி நடக்கிறது. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். கோடாலித் தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கில் தடவுவதும் ஆபத்து, மூச்சே நின்றுபோகலாம்.

இருமல் மூன்று வாரமாக இருக்கிறது. நிமோனியாவின் மிச்சமா, டீ.பி.யா?

இரண்டுமாக இருக்கலாம். பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, சளியைச் சோதித்தால்தான் தெரியும். நிமோனியா இருமல் வாரா வாரம் குறைந்துகொண்டே வரும். குறையாமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், அல்லது மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, சளியில் இரத்தம் இவற்றில் ஒன்று சேர்ந்தால், மாவட்ட மார்புநோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள், அல்லது அருகில் உள்ள அரச வைத்தியசாலையில் சளிப் பரிசோதனை கேளுங்கள். பரிசோதனை இலவசம். காசநோய் என்று தெரிந்தால் ஆறு மாத மருந்தும் இலவசம்.

மாதிரி கொடுப்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். எச்சில் கொடுத்தால் கிருமி இருந்தாலும் தெரியாது. காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுமுன், வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, மேலே சொன்ன முறையில் ஊதி, நெஞ்சில் இருந்து வரும் கெட்டிச் சளியை வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நின்று மாதிரிக்குத் தந்த போத்தலில் துப்புங்கள். லயத்துக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் ஒன்றாகப் படுக்கும் இடங்களில் ஒருவருடைய டீ.பி. பிந்திப் பிடிபட்டால் பிள்ளைகளுக்குப் போய்விடும். வெட்கப்பட்டு மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

எனக்கு இப்போது நன்றாக இருக்கிறது. ஆறு வாரத்தில் எக்ஸ்ரே எடுக்க வரச் சொன்னது எதற்கு?

எல்லோருக்கும் மறு எக்ஸ்ரே தேவையில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள், புகைப்பவர்கள், அறிகுறி இன்னும் போகாதவர்கள், நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்தவர்கள், அதே இடத்தில் முன்பும் நிமோனியா வந்தவர்கள் எடுக்க வேண்டும். காரணம், முதல் எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை நிழலுக்குப் பின்னால் புற்றுக்கட்டியோ காசநோயோ மறைந்திருக்கலாம். நிமோனியா நிழல் கரையும், அவை கரையாது.

ஆறு வாரத்துக்கு முன் அவசரப்பட்டு எடுப்பதிலும் பயன் குறைவு. ஆள் தேறின பிறகும் நிழல் சில வாரம் நிற்கும். வயதானவர்களுக்கும் சீனி வியாதிக்காரருக்கும் 12 வாரம் கூட ஆகலாம். இரண்டாம் வாரத்தில் தனியார் இடத்தில் காசு கொடுத்து எடுத்து, "இன்னும் இருக்கிறது" என்று கேட்டுப் பயந்து, தேவையில்லாமல் இரண்டாவது அன்டிபயோட்டிக் போடுகிறவர்கள் உண்டு.

கிளினிக்குப் போகும்போது டயக்னோசிஸ் காட் (துண்டு வெட்டும்போது நோய் விவரம் எழுதித் தரும் அட்டை), பழைய எக்ஸ்ரே, போட்ட மருந்தின் வெற்று அட்டைகள், கிளினிக் கொப்பி நாலையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட முடியாவிட்டால் புதிய படத்துக்குப் பாதி மதிப்புத்தான். கூரை ஒழுகும் வீட்டில் இவற்றைப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். எல்லாப் பிரதேச வைத்தியசாலைகளிலும் எக்ஸ்ரே வசதி இல்லை. டிக்கோயா, நாவலப்பிட்டி, நுவரெலியா, தியத்தலாவ, பதுளை போன்ற பெரிய இடங்களுக்கு அனுப்பினால், எந்த நாளில், எத்தனை மணிக்குள் நம்பர் எடுக்க வேண்டும் என்பதைத் துண்டு வெட்டும் அன்றைக்கே நர்ஸிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிட வேண்டும்?

இளைத்துப்போன தசை திரும்ப வர புரதம் வேண்டும். கோதுமை ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வயிற்றை நிரப்பும், அதற்கு மேல் அதிகம் செய்யாது. நாளுக்கு ஒரு முட்டை, இரண்டு வேளை பருப்பு அல்லது கடலை, பயறு, ஒரு கைப்பிடி நெத்தலி, முடிந்தால் ஒரு கோப்பை பால். ஒரே தடவையில் சாப்பிட மூச்சு வாங்கினால் ஐந்தாறு தடவையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு மாதமாகியும் எடை ஏறாமல் இறங்கினால் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

தேத்தண்ணி விஷயம் இங்கே முக்கியம். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு நிமோனியா முழுதாக ஆறின பிறகும் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். நுரையீரல்தான் சரியாகவில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் கவலைப்படுவதை விட ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை கேட்பது நல்லது.

குளிக்கலாமா? தயிர், வாழைப்பழம், இளநீர்?

குளிக்கலாம். சுடுதண்ணியில், வெயில் உள்ள நேரத்தில், சுருக்கமாகக் குளித்து, தலையை நன்றாகத் துவட்டுங்கள். பழமும் தயிரும் நிமோனியாவைத் திரும்பக் கொண்டுவராது.

அடுப்புப் புகைக்கு என்ன செய்வது?

தேறிவரும் நுரையீரலுக்கு வீட்டுக்குள் அதிகக் கெடுதல் செய்வது விறகுப் புகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது நிமோனியா வரும் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. நோயாளி ஆறு வாரத்துக்காவது அடுப்பில் ஊதக் கூடாது, அடுப்பங்கரையில் படுக்கவும் கூடாது. குளிருக்கு அடுப்போரம்தான் சுகம் என்பது தெரியும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இரண்டு கம்பளியோடு படுப்பது இதைவிட மேல். ஈர விறகு அதிகம் புகைக்கும், காய்ந்ததை மட்டும் எரியுங்கள். புகைபோக்கியில் கரி அடைத்திருந்தால் தட்டி எடுங்கள். சமைக்கும்போது பின்கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள். கரிச்சட்டியை மூடின அறையில் வைத்துக் குளிர்காயவே கூடாது, அதன் விஷவாயுவில் உயிர் போகும். நுளம்புச் சுருளும் புகைதான், வலை கட்டுங்கள்.

பீடி, சிகரெட்டை இப்போதே விடுங்கள். நெஞ்சு வலிக்கிற இந்த நாட்களை விட விடுவதற்குச் சுலபமான காலம் வராது.

எப்போது மலைக்கு வேலைக்குப் போகலாம்?

உட்கார்ந்து செய்யும் வேலை, கடை, அலுவலகம் என்றால் காய்ச்சல் விட்டு ஒன்று இரண்டு வாரத்தில் பலருக்கு முடியும். கொழுந்து பறித்தல், கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்), உரம் சுமத்தல் வேறு கதை. ஒரு பேர் (ஒரு நாள் முழுச் சம்பளம்) விழ 18, 20 கிலோ கொழுந்து கேட்கும் தோட்டத்தில், சரிவில் ஏறி இறங்கி, முதுகில் நனைந்த கூடையோடு எட்டு மணி நேரம் என்பது முழுச் சுகம் உள்ளவருக்கே கடினம். நாலு முதல் ஆறு வாரம் தேவை என்றே திட்டமிடுங்கள்.

பலத்தை இப்படிப் படிப்படியாகக் கூட்டலாம். முதல் வாரம் வீட்டுக்குள்ளும் வாசலிலும், பகலில் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடப்பது. இரண்டாம் வாரம் சமதரையில் ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. மூன்றாம் வாரம் அதை இருபது நிமிடமாக்கலாம். நாலாம் வாரம் சிறு மேடு, பாதியில் நின்று மூச்சு வாங்கி. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். நின்ற பத்து நிமிடத்துக்குள் மூச்சு பழைய நிலைக்கு வர வேண்டும். அடுத்த நாள் காலை எழ முடியாத களைப்பு வந்தால் இரண்டு நாள் பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள். வழக்கமாகப் போகும் மலைக்கு வெறுங்கையோடு நிற்காமல் ஏற முடிந்த பிறகு கூடையைப் பற்றி யோசிக்கலாம்.

மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) எடுக்கும்போது வெறும் ஓய்வு நாட்களை மட்டும் எழுதாமல், திரும்பிய பின் இரண்டு வாரத்துக்கு இலகுவான வேலை என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் கேட்பது சுலபம். பூச்சி, களை மருந்தடிப்பு, உரம் போடுதல், தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதி மூன்றையும் இந்தக் காலத்தில் தவிர்க்க வேண்டும். மழையில் நனைவதால் மட்டும் நிமோனியா திரும்பாது, ஆனால் ஈர உடுப்போடு குளிரில் நாள் முழுக்க நின்றால் உடம்பு தாங்காது. மாற்றுடுப்பு ஒன்றைப் பொலித்தீன் பையில் கொண்டுபோங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

கிருமி இருமலில் பரவும். ஆனால் அது போகிற எல்லோருக்கும் நிமோனியா வராது, பலருக்குத் தடிமலோடு முடியும். காய்ச்சல் உள்ள நாட்களில் நோயாளி முகக்கவசம் போட்டு, தனிக் கோப்பை வைத்துக்கொண்டு, கைக்குழந்தையிடமும் வயதானவர்களிடமும் இருந்து தள்ளி இருந்தால் போதும். பகலில் சன்னலைத் திறந்து வையுங்கள்.

பிள்ளைக்கு நிமோனியா வந்து மருந்து கொடுக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

மூச்சின் எண்ணிக்கை முதலாவது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணை எட்டினாலே வேகமான மூச்சு. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது எண்ணுங்கள். சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், துவண்டு கிடந்தால், முனகினால் உடனே ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் வேகமான மூச்சு ஒன்றே போதும், வீட்டில் வைக்கவே கூடாது.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருந்து தொடங்கி மூன்றாம் நாள் ஒரு தடவை காட்டுங்கள். தாய்ப்பாலைக் குறைக்காதீர்கள், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விடுவதாக இருந்தால், காய்ச்சல் விட்டு, வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடும்வரை பொறுங்கள்.

அடிக்கடி "நிமோனியா" வருகிற பிள்ளைக்கு உண்மையில் ஆஸ்துமாவாக இருக்கலாம். ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால், கடலைப் பருப்போ சிறு பிளாஸ்டிக் துண்டோ மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். இரண்டையும் டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்பாயிக்கு 75 வயது. காய்ச்சலே இல்லை, ஆனால் சாப்பிடவில்லை, ஏதேதோ பேசுகிறார்.

வயதானவர்களுக்கு நிமோனியா காய்ச்சல் இல்லாமலே வரும், இல்லாமலே திரும்பவும் செய்யும். திடீர்க் குழப்பம், விழுதல், படுக்கையை நனைத்தல், சாப்பாட்டை வெறுத்தல் இவற்றை "வயசு" என்று விடாமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். சாப்பிடும்போது புரையேறுகிறதா என்றும் பாருங்கள். உணவு நுரையீரலுக்குள் போவதாலேயே திரும்பத் திரும்ப நிமோனியா வருகிறவர்கள் உண்டு. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கவளமாகக் கொடுத்து, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

திரும்ப வராமல் தடுக்க ஊசி இருக்கிறதா?

பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசி நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமியைத் தடுக்கிறது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். சின்னமுத்துக்குப் பின் வரும் நிமோனியாவைத் தடுக்கிறது. கொப்பியில் விடுபட்டிருந்தால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு நிமோகொக்கல் ஊசியும் வருடாந்த இன்ஃப்ளுவென்ஸா ஊசியும் உண்டு. 65க்கு மேற்பட்டவர்கள், சீனி, இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் கிளினிக்கில் விசாரியுங்கள். இலங்கையில் இன்ஃப்ளுவென்ஸா ஏப்ரல் முதல் ஜூன் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும் கூடுவதால் அதற்கு ஒரு மாதம் முந்திப் போடுவது உதவும்.

இரவில் மோசமானால் தோட்டத்து மேல் டிவிஷனில் (பிரிவில்) இருந்து எப்படிக் கொண்டுபோவது?

1990 சுவசெரிய இலவசம், வண்டியில் ஒக்சிஜன் உண்டு. தோட்டங்களில் வீட்டு இலக்கம் சொல்லி வண்டியை வரவழைக்க முடியாது. ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்து நகரம், வண்டி வரக்கூடிய கடைசிச் சந்தி, அங்கே உள்ள கோயில் அல்லது கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) இவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். வீட்டில் சிக்னல் இல்லாவிட்டால் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். அழைத்ததும் ஒருவர் டோர்ச்சோடு சந்திக்குப் போய் நிற்க வேண்டும். வண்டி மேலே வர முடியாத பாதை என்றால், தோட்டத்து லொறி சாரதியின் எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.

கொண்டுபோகும்போது படுக்க வைக்காதீர்கள், முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள். நடக்க விடாமல் நாற்காலியில் வைத்துத் தூக்குங்கள். மயங்கினவருக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் அந்த நேரத்தில் இல்லாவிட்டால் இந்த நாலு சிங்கள வசனங்கள் போதும்: "ஹுஸ்ம கன்ன அமாருய்" (மூச்சு விடச் சிரமம்), "பப்புவ ரிதெனவா" (நெஞ்சு வலிக்கிறது), "உண தியெனவா" (காய்ச்சல் இருக்கிறது), "கஸ்ஸ எக்க லே எனவா" (இருமலோடு இரத்தம் வருகிறது). கூடவே டயக்னோசிஸ் காட்டை நீட்டுங்கள். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதன் பெயரைக் காட்டின் மேலே சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருங்கள்.